உழைக்கும் கால்களும் அரை மாரத்தான் ஓட்டமும்

(பொம்மையார்பாளையத்தில் ஊர் இளைஞர்கள் கூட்டிய கூட்டத்தில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



அரை மாரத்தான் ஓட்டத்திற்குப் பயிற்சி பெறுவது எவ்வாறு என்பது பற்றிப் பேசவேண்டுமென்று நம் இளைஞர்கள் என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் ஓட்டத்தில் பரிசு பெற்றவன் அல்லன். முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து, ஐம்பத்து மூன்றாம் வயதில் இரத்த அழுத்தத்திற்கு அஞ்சி ஓடக் கற்றுக்கொண்டவன். அவ்வாறு கற்றுக்கொண்ட காலத்தில் நான் போட்ட தவறான கணக்கு ஒன்றினால் இவ்வூர்ப் பிள்ளை ஒருவன் பத்து வாரம் கடலுக்குப் போக இயலாமல் வீட்டில் கிடந்தான். அந்தத் தவற்றைச் சொல்லவே முக்கியமாக இங்கு வந்திருக்கிறேன். அவனுடைய சம்மதத்தைப் பெற்றுக்கொண்டுதான் பேசுகிறேன். பெயரைக் கூறப்போவதில்லை, கூறினால் எழுந்து போய்விடுவான், இக்கூட்டத்தில்தான் அமர்ந்திருக்கிறான்.

முதலில் தூரத்தைத் தெரிந்துகொள்வோம். மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். 1908ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் நடந்த ஒலிம்பிக் விளையாட்டில், வின்ட்சர் அரண்மனையில் தொடங்கி விளையாட்டரங்கில் அரச குடும்பத்தாரின் இருக்கைக்கு முன் முடியுமாறு வழியை வகுத்தார்கள். அது 26 மைல் 385 கஜமாக அமைந்தது. 1921இல் அதுவே உலகெங்கும் நிலையான அளவாயிற்று. அதில் சரிபாதி 21.0975 கிலோமீட்டர்.  நம் பாட்டிமார் தலையில் மீன் கூடையுடன் ஓட்டமும் நடையுமாகச் சென்ற தூரம்தான். ஆகவே யாரும் மலைக்க வேண்டியதில்லை.

நாட்டுப்புறத்தில் பிறந்தவர்களுக்கு இதில் இயல்பான உரிமை உண்டு என்பதற்கு இரண்டு பெயர்களைச் சொல்கிறேன். பீகார் மாநிலத்துச் சிவநாத் சிங் 1978இல் ஜலந்தரில் முழு மாரத்தானை 2 மணி 12 நிமிடத்தில் ஓடினார்; அது நாற்பதாண்டுகளுக்கு மேலாக இந்தியாவின் சாதனையாக அசையாது நின்றது. மகாராஷ்டிரத்துப் பீட் மாவட்டத்தில் மாண்ட்வா என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்த அவினாஷ் சாப்ளே 2020ஆம் ஆண்டு நவம்பரில் டெல்லியில் அரை மாரத்தானை 60 நிமிடம் 30 விநாடியில் முடித்தார். கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம்கூட இல்லை. நாம் அவர்களைப் போல் ஓடப்போவதில்லை. நானே ஒரு கிலோமீட்டருக்கு ஏழு நிமிடத்திற்கு மேல் எடுத்துக்கொள்பவன்.

வயதைக் காரணம் காட்டும் பெரியோர்களுக்கு வேறொருவரைச் சொல்லவேண்டும். சென்னை மாநகர மேயராக 2006 முதல் 2011 வரையில் இருந்தவரும், 2021இல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்றவருமான திரு. மா. சுப்பிரமணியன் சாலை விபத்தில் காலில் அடிபட்டவர். ஐம்பது வயதைக் கடந்த பின்னர் நெடுந்தூர ஓட்டத்தில் இறங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடி முடித்திருக்கிறார்.

நமக்கு ஓட்டத்தின் ஆசை வந்தது மேற்கிலிருந்து. நம் ஊருக்குப் பின்னால் செம்மண் ஓடைகள் ஆழமாக அரித்துக் கிடக்கும் மேட்டைக் கடந்தால் ஆரோவில் காடு தொடங்குகிறது. 1968ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அந்நகரம் தொடங்கப்பட்டபோது அந்த மேடு வெறும் பொட்டல். மழை பெய்தால் மண் கரைந்து கடல் சிவக்கும். வரப்புக் கட்டி நீரைத் தேக்கி, பல இலட்சம் மரங்களை வைத்து வளர்த்தார்கள். அவ்வேலையில் நம் சுற்றுவட்டாரத்துக் கைகளும் சேர்ந்திருந்தன. அந்தக் காட்டுப் பாதைகளில் 2008ஆம் ஆண்டு தொடங்கி, பிப்ரவரித் திங்களில் ஆரோவில் மாரத்தான் நடைபெற்று வந்திருக்கிறது. முழுத் தூரம், அரைத் தூரம், பத்துக் கிலோமீட்டர் என மூன்று பிரிவுகள். முதலில் வந்தவருக்குப் பரிசு கிடையாது. வெறுங்காலுடன் ஓடுவோர் பலரைக் காணலாம். 2017இல் இவ்வோட்டத்தை வேடிக்கை பார்க்கப் போய்த் திரும்பிய நான், அடுத்த ஆண்டு ஓடுவதென்று முடிவு செய்தேன். தனியாக ஓடக் கூச்சமாக இருந்தபடியால், என்னிடம் பத்தாம் வகுப்பு வரையில் படித்த அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டேன். அவனுக்கு அப்போது இருபது வயது. தந்தையில்லாத வீடு. பிறர் படகில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தான். தாயார் மீன் விற்பவர்.

நான் ஒரு புத்தகத்தை வாங்கி, அதில் கண்டபடி வாரம் ஐந்து நாள் ஓட்டம், ஞாயிறன்று நீண்ட ஓட்டம் என்று அட்டவணை எழுதினேன். கணக்கு ஆசிரியன் அல்லவா, கட்டம் போடுவதில் குறைவில்லை. எனக்கு அந்த அட்டவணை பொருந்திற்று. காலையில் ஓடுவேன், பள்ளியில் நாற்காலியில் அமர்வேன், மாலையில் சாய்வு நாற்காலியில் சாய்வேன். அவனோ பின்னிரவு மூன்று மணிக்குப் படகு தள்ளி, வலை விட்டு, வலை இழுத்து, ஒன்பது பத்து மணிக்குக் கரையேறி, மீனைக் கழற்றி, வலையை உதறி, சற்றுக் கண்ணயர்ந்து, மாலை ஐந்து மணிக்கு என்னுடன் ஓட வருவான். இளங்கன்று; என்னைவிட இருமடங்கு வேகம். ஆறே வாரத்தில் மூன்று கிலோமீட்டரிலிருந்து பதினான்கு கிலோமீட்டருக்கு அவனைக் கொண்டுபோய்விட்டேன். ஊரில் கண்டோரிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் இடக்கால் முழந்தாளுக்குக் கீழே, முன் எலும்பில், ஒரு விரல் வைக்கும் இடத்தில் வலி என்றான். தசைப்பிடிப்பாக இருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும் என்று நான் சொன்னேன். அந்தச் சொல்லுக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். பத்தாம் நாள் நடக்கும்போதே நொண்டினான். இரவில் படுத்திருந்தாலும் வலித்தது. மருத்துவமனையில் எடுத்த முதல் படத்தில் ஒன்றும் புலப்படவில்லை. மூன்று வாரம் கழித்து எடுத்த படத்தில் எலும்பில் மயிரிழை போன்ற விரிசல் தெரிந்தது. இத்தகைய விரிசல் தொடக்கத்தில் சாதாரணப் படத்தில் தெரியாமலிருப்பது வழக்கமென்று மருத்துவர் விளக்கினார். காலில் பாரம் ஏற்றக்கூடாது, படகு ஏறவே கூடாது என்று கட்டளையிட்டார்.

நகரத்து எழுத்தருக்குக் கால் அடிபட்டால் விடுப்புப் போட்டு வீட்டிலிருந்து, சம்பளத்தையும் வாங்கிக்கொள்வார். நம் பிள்ளைக்குக் கடலுக்குப் போகாத நாளில் பங்கு கிடையாது. தை மாதத்து நல்ல மீன்பாடு முழுவதும் அவனுக்கு இல்லாமற் போயிற்று. அவ்வீட்டில் வட்டிக்குக் கடன் வாங்கினார்கள். நான் கொண்டுபோன பணத்தை அவன் தாயார் மூன்று முறை மறுத்தார். நான்காம் முறை அரிசி மூட்டையாகக் கொண்டுபோனேன், வாங்கிக்கொண்டார். அன்று திண்ணையில் என் அட்டவணையை வாங்கிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "வாத்தியாரே, இந்தக் கணக்கில் அவன் இழுத்த வலையைச் சேர்த்தீர்களா?"

நான் சேர்க்கவில்லை. அந்தப் புத்தகத்தை எழுதியவரும் சேர்க்கவில்லை. நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் மனிதருக்காக எழுதப்பட்ட பயிற்சி முறை அது. நாற்று நடுபவரும், கல் உடைப்பவரும், மண் சுமப்பவரும், வலை இழுப்பவரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டால், ஓடத் தொடங்குமுன்பே அரைப் பயிற்சியைச் செய்து முடித்தவர்களாக இருப்பார்கள். மிச்சமிருக்கும் அரைப் பங்குதான் ஓட்டத்திற்கு உரியது.

எலும்பு ஏன் இப்படி விரிகிறது என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஓடத் தொடங்கினால் நெஞ்சும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடுகின்றன. மூச்சு வாங்குவது குறைகிறது. தசைநாரும் எலும்பும் அவ்வளவு விரைவில் தேறுவதில்லை. அவற்றிற்குத் திங்கள் கணக்கில் காலம் வேண்டும். புதிய பாரம் வந்ததும் எலும்பு தன் பழைய பகுதியை முதலில் கரைத்துவிட்டு, பிறகு புதியதைக் கட்டுகிறது. பழைய சுவரைப் பிரித்துக் கட்டும் வீட்டைப் போன்றது. பிரித்த சுவர் எழும்புவதற்கு முன், மூன்று நான்கு வாரங்களில், எலும்பு முன்னைவிடச் சற்று நலிந்தே இருக்கிறது. அந்தச் சமயம் பார்த்துத்தான் மூச்சு நன்றாக இருக்கிறதென்று நாம் தூரத்தைக் கூட்டுகிறோம். இளைஞர்களுக்கு இவ்விபத்து நேர்வதற்குக் காரணம் அவர்களுடைய நுரையீரலின் பலமே என்று சொன்னால் வியப்பாக இருக்கும். ஆனால் உண்மை அதுதான்.

2018ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அவனே வந்து, "சார், மறுபடியும் தொடங்கலாமா?" என்றான். தாயாரிடம் கேட்டு வரச் சொன்னேன். அவர் ஒரு நிபந்தனை விதித்தார். ஓடி முடித்த மறுநாள் அவன் கடலுக்குப் போகக்கூடியவனாக இருக்கவேண்டும். இல்லையென்றால் அந்த ஓட்டமே வேண்டாம்.

இம்முறை நாங்கள் கடைப்பிடித்த முறையைக் கூறுகிறேன். முதல் நான்கு வாரம் ஓடவே இல்லை; நாற்பது நிமிடம் விரைவு நடை மட்டும். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி. ஆகஸ்டு முடிவில்தான் ஐந்து கிலோமீட்டர் நிற்காமல் ஓடினோம். வாரத்தில் ஓட்டம் மூன்று நாளுக்கு மேல் கிடையாது. அவற்றுள் இரண்டு குறுகியவை, ஒன்று நீண்டது. வாரத்தின் மொத்தத் தூரத்தைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டுவதில்லை. நான்காவது வாரந்தோறும் தூரத்தைக் குறைத்தோம். வலை இழுத்த நாள் என்றால் அதையும் ஒரு பயிற்சியாகவே குறித்துக்கொண்டோம். மீன்பாடு அதிகமாகக் கிடைத்த நாளில் ஓட்டம் இல்லை. அவனும் மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போவான், நானும் போவேன்.

வேகத்தைப் பற்றி ஒரே ஒரு விதிதான். பக்கத்தில் ஓடுபவருடன் முழு வாக்கியமாகப் பேச முடியவேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் வேகம் மிகுதி. நான் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு ஓடுவேன். பதினாறாம் வாய்ப்பாட்டில் தடுமாறினால் நடையைக் குறைப்பேன். பையன் சினிமாக் கதை சொல்லிக்கொண்டு வருவான். கேட்டு முடிப்பதற்குள் ஐந்து கிலோமீட்டர் கடந்துவிடும்.

எங்கே ஓடுவது என்பது நம் ஊரில் எளிதான கேள்வியாக இல்லை. என் இளமையில் கடற்கரை அகலமாகக் கிடந்தது. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் கற்சுவர்கள் போடப்பட்டன. இக்கரையோரம் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வது. அச்சுவர்களில் மணல் தடைப்படவே, வடக்கேயிருந்த கரைகளை அலை தின்னத் தொடங்கிற்று. இன்று படகு ஏற்றவே இடம் போதவில்லை, ஓடுவதற்கு எங்கே போவது? மிஞ்சிய மணலும் சரிவானது. ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலுமாக ஓடினால் இடுப்பும் முழங்காலும் நோகும். உலர்ந்த மணலில் ஓடினால் குதிகால் நரம்பு இழுக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதில் ஓடுவதை நான் முற்றிலும் தடுப்பேன். ஆகவே மேற்கேயுள்ள செம்மண் வண்டிப்பாதைகளைத் தேர்ந்தோம். மண் காலுக்கு இதமானது. மழைக்காலத்தில் மட்டும் வழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் பயிற்சி ஒன்பது நாள் தடைப்பட்டது. விட்ட தூரத்தைச் சேர்த்துப் பிடிக்க முயலவில்லை. முந்தைய ஆண்டாக இருந்தால் முயன்றிருப்பேன்.

உணவுக்காகத் தனிச் செலவு ஒன்றும் தேவையில்லை. ஓட்டத்திற்கு ஒரு மணி முன்பு ஒரு வாழைப்பழம். முடித்தபின் கஞ்சியோ கம்பங்கூழோ, மீன் குழம்புடன் சோறோ. உடலில் சேமித்திருக்கும் மாவுச்சத்து சுமார் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி ஓட்டத்திற்குத்தான் போதும். அதற்கு மேல் ஓடுவோர் வழியில் ஒரு பழமோ, கடலைமிட்டாயோ கடித்துக்கொள்ளவேண்டும். தண்ணீர் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. நம் வெயிலில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டரும் அதற்கு மேலும் வியர்வை போகும். வியர்வையுடன் உப்பும் போகும். தாகம் என்று வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து தலைசுற்றல், வாந்தி, மயக்கம் வரை போகும். உயிருக்கே ஆபத்து நேர்ந்ததும் உண்டு. உப்பிட்ட நீர்மோரும் நீராகாரமும் நம் முன்னோர் கண்ட நல்ல பானங்கள். ஓடுகிறவன் தள்ளாடினால், பொருத்தமின்றிப் பேசினால், உடனே நிழலில் கிடத்தித் தலை முதல் கால் வரை தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். மருத்துவமனைக்குக் கொண்டுபோவது அதோடு சேர்ந்து நடக்கவேண்டும். நெஞ்சில் இறுக்கம் தோன்றினால் அந்த இடத்திலேயே நிற்கவேண்டும். நாற்பது வயது கடந்தவர்கள் தொடங்குமுன் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டம் இவ்விரண்டையும் வீட்டு வாயிலுக்கே கொண்டுவந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்ப்பார்கள்.

ஜனவரி நடுவில் நீண்ட ஓட்டம் பதினெட்டு கிலோமீட்டரை எட்டிற்று. முழுத் தூரத்தை முன்கூட்டி ஓடிப் பார்க்கவில்லை; அது அவசியமில்லை. கடைசி இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாக்கினோம். அந்த ஓய்வு நாட்களே எனக்கு மிகவும் கடினமாக இருந்தன. கால் எல்லாம் வலிப்பது போன்ற பிரமை.

2019 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கூட்டத்தோடு கூட்டமாய் நின்றோம். பனி இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. முதல் இரண்டு கிலோமீட்டரில் எல்லோரும் எங்களைத் தாண்டிப் போனார்கள்; ஒரு பாட்டியம்மாள்கூட. பையனுக்குக் கால் துடித்தது. அவன் சட்டையைப் பிடிக்காத குறையாக நிறுத்திவைத்தேன். ஐந்தாவது கிலோமீட்டரில் கிழக்கு வெளுத்தது. மரங்களுக்கிடையே செம்மண் தூசி வெயிலில் புகைபோல நின்றது. தொண்டர்கள் ஆங்காங்கே தண்ணீரும் வாழைப்பழமும் ஆரஞ்சுச் சுளையும் வைத்துக்கொண்டு நின்றார்கள். பன்னிரண்டாவது கிலோமீட்டரில், "இனி நீ போகலாம்" என்றேன். "நீங்கள் தனியாக வருவீர்களா, சார்?" என்று கேட்டான், கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

பதினேழிலிருந்து இருபது வரையில் எனக்கு ஏற்பட்ட பாட்டை விரித்துரைக்க விரும்பவில்லை. வாய்ப்பாடு மறந்துபோயிற்று. நூறு அடி ஓடுவேன், ஐம்பது அடி நடப்பேன். எல்லையைக் கடந்தபோது என் கைக்கடிகாரத்தில் 2 மணி 41 நிமிடம் ஆகியிருந்தது. பையன் 2 மணி 6 நிமிடத்தில் வந்து, ஒரு மரத்தடியில் அமர்ந்து இடக்காலின் முன் எலும்பை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். வலி இல்லை என்றான். நானும் அழுத்திப் பார்த்தேன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பின்னிரவு மூன்று மணிக்கு எழுந்து, படி இறங்கும்போது தொடைகள் கெஞ்ச, கைத்தடி ஊன்றிக் கடற்கரைக்குப் போனேன். இருட்டில் படகு தள்ளும் குரல் கேட்டது. அவன் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தான். அவன் தாயார் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் அவர் சொன்னது இவ்வளவே: "உங்கள் கணக்கு இந்தத் தடவை சரி."

அதற்குப் பிறகு இவ்வூரில் ஆண்பிள்ளைகள் சிலர் ஓடத் தொடங்கினார்கள். பெண்பிள்ளைகளைக் குறித்துத்தான் என் கவலை. பள்ளி விளையாட்டு விழாவில் எட்டாம் வகுப்பு வரையில் ஆண்பிள்ளைகளை முந்தும் பெண்கள், பதின்மூன்று பதினான்கு வயதானதும் ஓடுவதை நிறுத்திவிடுகிறார்கள். கால் நின்றுவிட்டதால் அல்ல. ஓட இடமில்லை, துணையில்லை, பார்ப்பவர் பேச்சு பொறுக்கவில்லை. தாய்மார்களே, கூடையைச் சுமந்து பத்து மைல் நடந்தபோது உங்களை யாரும் கேள்வி கேட்கவில்லை. மகள் வெறுங்கையுடன் ஐந்து கிலோமீட்டர் ஓடினால் மட்டும் கேட்பானேன்? பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. அரை வயிற்றுடன் ஓடினால் மாதவிலக்கு தவறும். அது தவறினால் எலும்பு இளகும். ஓடுகிற பெண்ணுக்குச் சோற்றில் குறை வைக்காதீர்கள். தம்பிக்கு வைக்கும் மீன் துண்டு அவளுக்கும் வேண்டும்.

வருகிற ஜூன் முதல் திங்கட்கிழமை, மாலை ஐந்தரை மணிக்குப் பள்ளி மைதானத்தில் நடைப்பயிற்சி தொடங்குகிறோம். முதல் நான்கு வாரம் நடை மட்டுமே என்பதால், ஓடத் துடிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும். பெண்களுக்குத் தனி நேரம், அந்தத் தாயாரே முன்னின்று அழைத்துவர ஒப்புக்கொண்டிருக்கிறார். செருப்பில்லாதவர்களும் வரலாம். வரும்போது ஒரு சிறு நோட்டும் எழுதுகோலும் கொண்டுவாருங்கள். அன்றன்று செய்த வேலையை, நட்ட நாற்றை, இழுத்த வலையை, சுமந்த குடத்தை, ஓட்டத்திற்கு முன்னால் அதில் எழுதவேண்டும். நான் பார்த்துக் கையொப்பமிடுவேன்.